டாக் டாக் குழுவின் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்': விமர்சனம் தடுமாறிய இடம்

வணக்கம். வியாசர்பாடியிலிருந்து பேசுகிறேன். டாக் டாக் என்ற லண்டன் ராக் குழு 1988 செப்டம்பரில் வெளியிட்ட 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' ஆல்பத்தை விமர்சகர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதே இன்றைய பேச்சு.

சின்தசைசர் பாப் பாடல்களால் புகழ்பெற்ற குழு இது. 1986இல் வந்த 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' நன்றாக விற்றதால், அடுத்த ஆல்பத்துக்கு இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனம் தாராளமாகச் செலவழித்தது. பாடகர் மார்க் ஹாலிஸும் தயாரிப்பாளர் டிம் ஃப்ரீஸ்-கிரீனும் வெசெக்ஸ் ஸ்டுடியோவை இருட்டாக்கி, எண்ணெய் புரஜெக்டரின் மங்கிய வண்ண ஒளியில் மாதக்கணக்கில் பதிவு செய்தார்கள். வயலின் கலைஞர் நைஜல் கென்னடி, டபுள் பேஸ் கலைஞர் டேனி தாம்சன் எனப் பலரையும் வரவழைத்து, தோன்றியதை வாசிக்கச் சொல்லி, பதிவானதில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, எஞ்சிய துணுக்குகளைக் கோத்து ஆறே பாடல்களாக்கினார்கள்.

வெளியானபோது சிலர் வியந்து பாராட்டினார்கள். சிலருக்கு அது அளவு மீறிய சுயதிருப்தியாகத் தெரிந்தது. பிரிட்டனின் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 19ஆம் இடம் வரை சென்றது. ஆல்பம் வணிகரீதியாகத் திருப்தியளிக்கவில்லை என்று குழுவின் மீது இ.எம்.ஐ. தொடுத்த வழக்கோ நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ராக் கருவிகளைக் கொண்டே வழக்கமான பாடல் அமைப்பைத் தாண்டிச் செல்லும் இசைக்கு 'போஸ்ட்-ராக்' என்ற பெயர் 1990களில் புழக்கத்திற்கு வந்தபின்தான் இந்த ஆல்பத்தை முன்னோடியாகக் கொண்டாடத் தொடங்கினார்கள்.

குறை கண்டவர்கள் பல்லவி எங்கே என்று தேடியதுதான் பிழை என்பது என் உறுதியான கருத்து. முதல் மூன்று பாடல்களும் இடைவெளியின்றி ஒரே ஓட்டமாக வருகின்றன. அடங்கிய ஒலியிலேயே நெடுநேரம் பழக்கப்பட்ட காதுக்குத்தான் மூன்றாவதான 'டிசையர்' பாடலில் டிரம்ஸும் கிட்டாரும் வெடிக்கும்போது அதன் வலி புரியும். தனியாக வெட்டிக் கேட்டால் அது வெறும் இரைச்சல். ஹெராயின் பழக்கத்தைப் பற்றிய 'ஐ பிலீவ் இன் யூ' பாடலில் தேவாலயப் பாடகர் குழுவின் குரல்கள் எழும்போது, நம் பகுதியில் இழவு வீட்டு வாசலில் விடிய விடியப் பாடப்படும் மரண கானாதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. இரண்டிலும் போதனை இல்லை, துக்கம் மட்டுமே இருக்கிறது.

பேசின் பிரிட்ஜ் ரயில் சத்தத்துக்கு நடுவில் போனின் ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள். பாதி இசை காதுக்கே எட்டாது. இரவில், ஹெட்போனில், முதல் பாடலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். பிறகு இதே பாதையில் இன்னும் தொலைவு சென்ற 1991இன் 'லாஃபிங் ஸ்டாக்' ஆல்பத்துக்குப் போகலாம்.