திரைக்குப் பின்னால் ஒரு மைக்

(தக்கலைப் பக்கம் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன சில வருடங்களையும் பெயர்களையும் எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

வாசகசாலைப் பிள்ளைகள் இரண்டு வாரமாகப் பேசித் தீராத ஒரு வழக்கை என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு பாப் பாடகர் உலகம் முழுக்கப் பெயர் வாங்குகிறார் என்றால் அது குரலுக்கா, முகத்துக்கா? திறமை இல்லாமல் யாரும் நிற்க முடியாது என்று ஒரு கட்சி. இன்ஸ்டாகிராமைப் பாருங்க மாமா, உடுப்பும் ஸ்டைலும்தான் எல்லாம் என்று இன்னொரு கட்சி.

நான் 32 வருடம் மைக் செட் வைத்தவன். அம்மன் கோவில் கொடை, குருசடித் திருவிழா, கல்யாண வீடு, கட்சிக் கூட்டம் என்று ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரைக்கும் என் ஸ்பீக்கர் பெட்டி போகாத ஊர் குறைவு. நீங்கள் பாட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே கேட்கிறவர்கள். நான் பெரும்பாலும் குனிந்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரில் விரலை வைத்துக்கொண்டு கேட்டவன். அந்த இடத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு ராத்திரி.

தொண்ணூறுகளின் கடைசி. மேற்குக் கடற்கரையில் ஒரு ஊர், பத்தாம் நாள் திருவிழா, இன்னிசைக் கச்சேரி. சாயங்காலம் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது குழுவை நடத்துகிறவர் வந்து, “மேடைக்குப் பின்னால் ஒரு மைக் வேணும், 20 மீட்டர் கேபிள் போடுங்க, வெளியே தெரியக் கூடாது” என்றார். சரி, அறிவிப்புக்காக இருக்கும் என்று நினைத்தேன். போட்டுக் கொடுத்தேன்.

கச்சேரி தொடங்கி நாலாவது பாட்டு. ஜானகியம்மா பாடிய பழைய பாட்டு ஒன்று. மேடையில் ஒரு பெண், நல்ல சிவப்பு, மினுமினுக்கிற சுடிதார், முகத்தில் முழு வெளிச்சம். அவள் கையிலிருந்த மைக்கின் சானலை மூடி வைக்கச் சொல்லியிருந்தார்கள். பாட்டு வந்தது பின்னாலிருந்து. ஜெனரேட்டருக்கும் பந்தல் காலுக்கும் நடுவே, கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டி ஒன்றில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். குலசேகரம் பக்கத்து மலையோரம், ரப்பர் பால் வெட்டுகிற வீட்டுப் பிள்ளை என்று பிறகு தெரிந்தது. கறுப்பு. முன்பல் கொஞ்சம் எடுப்பு. படுதாவில் இருந்த கிழிசல் வழியாக முன்னால் நிற்கிறவளின் கையைப் பார்த்து, எங்கே எடுக்க வேண்டும் என்று கணக்குப் பண்ணிப் பாடினாள். என் கையில் ஃபேடர் அசையவே தேவை வரவில்லை. சில குரலுக்குத்தான் அப்படி. கூட்டாமல் குறைக்காமல் அது தானாகவே தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

பாட்டு முடிந்தது. கடற்கரைச் சனம் கைதட்டினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர் என்று சத்தம். முன்னால் நின்றவளுக்குப் பொன்னாடை போட்டார்கள். நான் தற்செயலாகப் பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை மீன் பெட்டியிலிருந்து எழுந்து நின்று, இருட்டைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் கேபிளைப் போட்டது நான். இத்தனை வருடம் ஆகியும் அது எனக்கு ஆறவில்லை.

முன்னால் நின்ற பெண்ணையும் குறை சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரம் ஆடுகிற பலகை மேல், உயரச் செருப்போடு, சிரிப்புக் குறையாமல் நின்றாள். அதுவும் வேலைதான். முகம் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது, லாபம் மூன்றாவது ஒரு ஆளுடையது. பிள்ளைகளே, முகமா குரலா என்று கேட்கும்போது ஒரே ஆளைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறீர்கள். பல நேரம் அங்கே மூன்று பேர் இருக்கிறார்கள்.

இது நம்ம ஊரில் மட்டும் நடந்ததில்லை. எண்பதுகளின் கடைசியில், ஜெர்மனியில் ஃபிராங்க் ஃபாரியன் என்ற தயாரிப்பாளர் மில்லி வனில்லி என்று ஒரு குழுவைக் கொண்டுவந்தார். ஃபாப் மோர்வான், ராப் பிலாட்டஸ் என்று இரண்டு இளைஞர்கள். நீளச் சடை, அகலத் தோள், அருமையான ஆட்டம். ரெக்கார்டில் பாடியது வேறு ஆட்கள்: சார்ல்ஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல். ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றது. 1989இல் அமெரிக்காவில் கனெக்டிகட்டில் ஒரு நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, பின்னால் ஓடிய பதிவு சிக்கிக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னது. ராப் மேடையை விட்டு ஓடிவிட்டார். என் தொழிலில் இருக்கிற யாருக்கும் அதைக் கேட்டாலே அடிவயிறு கலங்கும். ஆனாலும் அடுத்த வருடம், 1990 பிப்ரவரியில், சிறந்த புதுமுகத்துக்கான கிராமி விருது அவர்களுக்கே கிடைத்தது. அடுத்த ஆல்பத்தில் நாங்களே பாடுவோம் என்று பையன்கள் பிடிவாதம் பிடித்தபோதுதான், நவம்பரில், ஃபாரியன் உண்மையை வெளியே சொன்னார். விருதைத் திரும்ப வாங்கிவிட்டார்கள்.

எல்லோரும் இதுவரைதான் சொல்வார்கள். எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. நிஜமாகப் பாடியவர்களில் ஜான் டேவிசையும் பிராட் ஹோவெலையும் முன்னால் வைத்து ஃபாரியன் 1991இல் ஒரு ஆல்பம் போட்டார். முக்கியக் குரல்கள் அதேதான். ஆனால் முதல் ஆல்பம் விற்றதன் பக்கத்தில்கூட அது போகவில்லை. 1993இல் ராபும் ஃபாபும் சொந்தக் குரலில் ஒரு ஆல்பம் போட்டார்கள். அதே முகங்கள். அதுவும் விற்கவில்லை. முகம் மட்டும் போதாது, குரல் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் வேண்டுமென்று நடத்த முடியாது. அதில் தோற்றவர்கள் அந்த ஐந்து பேர். ராப் 1998இல் இறந்துபோனார். மக்கள் பார்த்துச் சிரித்தது அவரைத்தான், பெட்டியை இயக்கியவரை இல்லை.

நம் பக்கம் வருவோம். ஒரு காலத்தில் பாடுகிறவரேதான் நடிக்க வேண்டும். எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து, சென்னையில் ஒரே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. பட்டு ஜிப்பா, வைரக் கடுக்கன், தோள் தொடுகிற முடி. ஊர் முழுக்கப் பாகவதர் கிராப். அந்த வருடக் கடைசியில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரைக் கைது செய்தார்கள். அதே வழக்கில் நம்ம ஒழுகினசேரிக்காரர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனையும் பிடித்தார்கள். 1947இல் இரண்டு பேரும் விடுதலை. ஒரே வழக்கு, ஒரே சிறைக்காலம். கலைவாணர் வெளியே வந்து படம் எடுத்தார், நடித்தார், வில்லுப்பாட்டைப் பட்டணத்து மேடைக்குக் கொண்டுபோனார், சனம் கூடவே வந்தது. பாகவதர் படங்கள் ஓடவில்லை. பிற்காலப் பாட்டுகளைப் போட்டுக் கேளுங்கள், குரல் அப்படியேதான் இருக்கிறது. இடையில் காலம் மாறிப்போனது, படத்தில் பாட்டு குறைந்து வசனம் ஏறியது, அதெல்லாம் உண்மை. ஆனால் ராஜகுமாரன் என்று பார்த்த ஒரு முகத்தை ஜெயிலோடு சேர்த்துப் பார்க்கச் சனத்தால் முடியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கலைவாணரைப் பக்கத்து வீட்டு அண்ணனாகப் பார்த்தார்கள். அண்ணன் ஜெயிலுக்குப் போய் வந்தால் நாம் சோறு போட்டுக் கூப்பிட மாட்டோமா? தோற்றம் என்றால் அழகு மட்டும் என்று நினைக்காதீர்கள். சனம் ஒரு ஆளை எந்த உறவில் வைத்திருக்கிறது என்பதும் அதில் சேர்த்திதான்.

பின்னணிப் பாட்டும் அதற்குள் வந்துவிட்டது. 1938இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்திலேயே இரவல் குரல் உண்டு. அப்புறம் டி.எம்.எஸ். எம்.ஜி.ஆருக்கு ஒரு குரல், சிவாஜிக்கு ஒரு குரல் என்று ஒரே தொண்டையில் இரண்டு ஆளை வைத்திருந்தார். ஸ்வர்ணலதாவை எத்தனை பேர் முகம் பார்த்து அடையாளம் சொல்லியிருப்பீர்கள்? ‘கருத்தம்மா’ பாட்டுக்குத் தேசிய விருது வாங்கியவர். 37 வயதில், 2010இல் போய்விட்டார். இன்றைக்கும் ராத்திரி பஸ்ஸில் அந்தக் குரல் வந்தால் டிரைவர் சத்தத்தைக் கூட்டுகிறார். அப்படியானால் பின்னணிப் பாட்டும் நான் போட்ட கேபிளும் ஒன்றா என்று இந்தத் தம்பி இப்போது கேட்டார். இல்லை, தம்பி. அங்கே பெயர் போடுகிறார்கள். அந்தப் பெயரும் சும்மா வந்துவிடவில்லை. 1949இல் வந்த ‘மஹால்’ இந்திப் படத்தின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கர் பெயரே இல்லை. படத்தில் வருகிற பாத்திரத்தின் பெயர், காமினி என்று அச்சடித்திருந்தார்கள். யார் பாடியது என்று ரேடியோவுக்குக் கடிதம் கடிதமாக எழுதிக் கேட்டது சனம்தான்.

நம் வில்லுப்பாட்டையும் பாருங்கள். வில்லடித்து முன்னால் பாடுகிற அண்ணாவியாருக்குத் தோற்றம் இல்லையா? தலைப்பாகை, நெற்றியில் அகலக் குங்குமம், பட்டு வேட்டி. வில்லின் நடுவில் அவர் உட்காருகிற தோரணையிலேயே பாதிக் கூட்டம் அடங்கிவிடும். ஆனால் ராத்திரி 12 மணிக்கு மேல், சுடலைமாடன் கதையில் உச்சக்கட்டம் வரும்போது, குடமும் உடுக்கும் சேர்ந்து ஏற வேண்டும், வீசுகோல் நாணில் விழுகிற அடியில் கோமரத்தாடிக்குச் சாமி வர வேண்டும். வரவில்லை என்றால் ஊர்க்காரர் முகத்துக்கு நேரே கேட்பார்கள். அங்கே தலைப்பாகை காப்பாற்றாது.

இனி இந்தக் காலத்துக்கு வருகிறேன். 1981இல் அமெரிக்காவில் பாட்டு வீடியோ காட்டுகிற எம்.டி.வி. சேனல் தொடங்கினதும் பாட்டு பார்க்கிற பொருளாகிவிட்டது. 1983இல் மைக்கேல் ஜாக்சன் டி.வி. மேடையில் பின்னோக்கி வழுக்கி நடந்ததைப் பார்த்தவர்கள், அது பாட்டா ஆட்டமா தோற்றமா என்று பிரித்தா பார்த்தார்கள்? அந்த நடையும் திறமைதான், எத்தனையோ நாள் கால் வலிக்கப் பழகின திறமை.

எனக்குக் கவலை தருவது வேறு. 1997இல் ஆட்டோ டியூன் என்ற மென்பொருள் வந்தது. குரல் சுருதியிலிருந்து கொஞ்சம் விலகினால் பக்கத்துச் சுரத்துக்கு இழுத்து உட்கார வைக்கும். இப்போது மேடையில் பாடும்போதே அதைச் செய்கிற பெட்டி உண்டு, நானே இயக்கியிருக்கிறேன். மூச்சை அது தராது. ழகரத்தைத் திருத்தாது. பாட்டுக்கு நடுவில் ஒரு வார்த்தையைச் சொல்லாமல் தொங்க விடுகிற தைரியத்தையும் தராது. ஆனால் சுருதி தரும், அதுவும் மலிவாக. முகம் மட்டும் இருக்கிறவருக்குக் குரலைக் கொஞ்சம் வாங்கிக் கொடுக்கலாம். குரல் மட்டும் இருக்கிறவருக்கு முகம் வாங்குவது லேசா? கேமரா, லைட், உடுப்பு, எடிட்டிங், பார்க்க வைக்க விளம்பரம். ரப்பர் பால் வெட்டுகிற வீட்டில் அதற்குப் பணம் ஏது? சுருதி விலை இறங்கிவிட்டது, முகம் விலை ஏறிவிட்டது. தோற்றம்தான் ஜெயிக்கிறது என்று சொல்லும் தம்பிமார் பாதி சரி. பணம் ஜெயிக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறீர்கள்.

சூசன் பாயலைச் சொல்லி ஒரு பிள்ளை என்னை மடக்கினாள். சரிதான். 2009இல் பிரிட்டிஷ் டி.வி. போட்டிக்கு 47 வயதில் வந்தார், சாதாரணத் தோற்றம், கூட்டம் சிரித்தது, பாடத் தொடங்கியதும் எழுந்து நின்றது. அந்த வருடமே அவர் ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். ஆனால் மக்களே, 47 வயது வரைக்கும் அந்தக் குரல் எங்கே இருந்தது? அதே ஊரில், அதே தொண்டையில்தானே இருந்தது.

அதனால் விழாக் குழுவிடம் நான் ஒன்று கேட்டேன். நாளைக் காலை நம் வாசகசாலைப் பாட்டுப் போட்டி. முதல் சுற்றுக்கு நடுவருக்கும் பாடுகிறவருக்கும் நடுவில் ஒரு திரை போட வேண்டும். பெயர், ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எதுவும் சொல்லக் கூடாது, எண் மட்டும். 2010இல் ஹாலந்தில் ஒரு டி.வி. போட்டி நடுவர்களை முதுகைக் காட்டி உட்கார வைத்தது, பிறகு பல நாடுகளில் அப்படிச் செய்தார்கள். அங்கே செய்ய முடிந்தது இங்கே முடியாதா? குழுவினர் ஒத்துக்கொண்டார்கள். இரண்டாம் சுற்றில் திரையை எடுத்துவிடலாம். அப்போது நிற்கிற நிலை, கண், கை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுங்கள், அதுவும் வேண்டும்தான். திரைத்துணி நான் கொண்டுவந்திருக்கிறேன். அன்றைக்குக் கடற்கரையில் கட்டியிருந்தது போன்ற அடர்நீலப் படுதாதான். பாடுகிற பிள்ளைக்கு உட்கார நல்ல நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து வில்லுப்பாட்டு. குடத்தை இறக்கி வைத்துவிட்டார்கள், அண்ணாவியார் இரண்டு முறை என்னைப் பார்த்துவிட்டார். குடத்துக்கு மைக்கை வாய்ப்பக்கம் நேராக வைத்தால் இடி மாதிரி கேட்கும், சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். நான் போய் அதைச் சரி பண்ணுகிறேன்.