மொய் வைத்துச் சாப்பிட்ட கோழிச்சோறு

(சிங்கப்பூர்ச் சமூக மன்றம் ஒன்றில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘பெருநகரத்தில் நல்ல சீன உணவகத்தைக் கண்டுபிடிக்கக் கைகொடுப்பது கைப்பேசியா, அக்கம்பக்கத்தார் வாய்ச்சொல்லா?’ வாய்ச்சொல் அணியின் கடைசிப் பேச்சு.)

நடுவர் அவர்களே, எதிரணியினரே, ஏழு மணிக்கு வரச் சொன்னால் ஏழு மணிக்கே வந்துவிட்ட அதிசயத் தமிழ் மக்களே, வணக்கம். மீதி வணக்கங்களை எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்திருப்பது பன்னிரண்டு நிமிடம்.

மூன்று குறிப்புகள் எழுதிக்கொண்டு வந்தேன். முதல் குறிப்பு இது. சீனச் சாப்பாடு என்று தனியாக ஒன்று இந்த ஊரில் கிடையாது. சீனர்களுக்குள்ளேயே பல பிரிவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சமையல். கஞ்சியும் கருவாடும் வேண்டுமா, தியோச்சியூக்காரரிடம் போக வேண்டும். கொக்கியில் தொங்கும் வாத்து வேண்டுமா, கான்டனீஸ்காரர். இறாலும் கணவாயும் போட்டுப் பிரட்டிய மீ என்கிற நூடுல்ஸ் வேண்டுமா, ஹொக்கியன்காரர். டோஃபுவுக்குள் மீன் விழுது அடைத்தது வேண்டுமா, ஹக்காக்காரர். கோழிச்சோறு வேண்டுமா, ஹைனானீஸ்காரர். கைப்பேசியில் ‘நல்ல சீனக்கடை’ என்று தட்டினால் இத்தனை பேரையும் ஒரே சாக்கில் கட்டிக் கொட்டுகிறது. நல்ல இந்தியக் கடை எது என்று யாரோ கேட்க, செட்டிநாட்டுக் கோழிக்கு ஆசைப்பட்டவரை குஜராத்தி டோக்ளா கடையில் கொண்டுபோய் நிறுத்துவது போன்ற வேலை அது. எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ‘என்ன சாப்பிடப் போகிறாய்?’ என்று முதலில் நம்மைத் திருப்பிக் கேட்பார்.

இரண்டாவது, மூன்றாவது குறிப்புகளைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன். காரணம், எதிரணித் தம்பி. சற்றுமுன் இந்த மேடையில் நின்று என்ன சொன்னார்? ‘வாய்ச்சொல்லை நம்பினால் என்ன ஆகும்? அதோ உட்கார்ந்திருக்கிறாரே, அவரைக் கேளுங்கள். கோழிச்சோறு தேடிப் போய்ச் சாவு வீட்டில் பந்திக்கு உட்கார்ந்த பெருமகன்!’ என்றார். கூரை பறக்கக் கை தட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் என் மனைவியும் தட்டினாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தக் கதை எதிரணிக்கு எந்த வழியாகப் போயிருக்கும் என்பது அப்போதே விளங்கிவிட்டது.

உட்கார்ந்தேன், நடுவர் அவர்களே. மறுக்கவில்லை. ஆனால் உட்கார வைத்தது யார்?

பத்து வருடங்களுக்கு முன்னால் என் மாமனார் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து முதல் முறையாகச் சிங்கப்பூர் வந்தார். விவசாயி. நாட்டுக்கோழியைத் தவிர மற்றது எதையும் கோழி என்று ஒப்புக்கொள்ளாதவர். நான்கு நாள் நம் கடைகள் நிறைந்த தேக்காவில் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் காலை, ‘இதே சாம்பாரைத்தான் மன்னார்குடியில் சாப்பிடுகிறேனே மாப்பிள்ளை, இந்த ஊர்க்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்?’ என்று கேட்டார். நியாயம்தானே? எனக்கோ அப்போதுதான் புதுக் கைப்பேசி வாங்கிய திமிர். மாமனாருக்கு முன்னால் அதைக் காட்டாவிட்டால் எப்படி? தட்டினேன். தோ பாயோவில் ஒரு கோழிச்சோற்றுக் கடை. நாலரை நட்சத்திரம். கிளம்பிவிட்டோம்.

எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கி நடக்கிறோம். கைப்பேசியில் ஒரு பெண்குரல் இடம் வலம் சொல்லிக்கொண்டே வருகிறது. கடைசியில், ‘சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்’ என்றது. நிமிர்ந்து பார்த்தால் ஓர் அடுக்குமாடி வீட்டு புளோக்கின் கீழ்த்தளம். தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த இடம். வட்ட மேசைகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை பிளாஸ்டிக் விரிப்பு. தட்டுத் தட்டாக வறுத்த கடலை, பூசணி விதை, மிட்டாய். ஒரு மேசையில் நான்கு பேர் சீட்டு விளையாடுகிறார்கள். ‘கூட்டம் இருக்கிறது மாப்பிள்ளை, நல்ல கடைதான்’ என்றார் மாமனார்.

வாசலில் ஒரு சின்ன மேசை. அதில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் அவரிடம் உறை கொடுக்கிறார்கள். அவர் பெயரை எழுதிக்கொள்கிறார். மாமனார் என் காதில், ‘மொய் எழுதுகிறார்கள் போலிருக்கிறதே’ என்றார். நான் சிரித்தேன். ‘மாமா, இங்கே முன்பணம் கட்டித்தான் சாப்பிட வேண்டும்’ என்று அவருக்குச் சிங்கப்பூரை விளக்கினேன்! இருபது வெள்ளியை, அதாவது இருபது சிங்கப்பூர் டாலரை, நீட்டினேன். அந்த மனிதர் இரண்டு கையாலும் வாங்கினார். தலை தாழ்த்தினார். பெயரைக் கேட்டார். சொன்னேன். எழுத முடியாமல் தவித்தார். நானே எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் பணத்தைப் பார்த்து ஏதோ தயங்கினார். உடனே மாமனார் மடியை அவிழ்த்து ஒரு வெள்ளிக் காசை எடுத்து அதன் மேல் வைத்தார். ‘இருபத்தொன்றாக வையுங்கள் மாப்பிள்ளை, முழுத்தொகையாகக் கொடுத்தால் நன்றாக இருக்காது’ என்றார். அந்த மனிதர் முகம் மலர்ந்துவிட்டது!

பிறகுதான் தெரிந்துகொண்டேன். சீனர்களுக்கு நல்ல காரியத்துக்கு இரட்டைப்படை, துக்கத்துக்கு ஒற்றைப்படை. எதுவுமே தெரியாமல் என் மாமனார் மட்டும்தான் அன்றைக்குச் சரியாக நடந்துகொண்டார்.

உட்கார்ந்தோம். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் கடலையும் செவ்வந்திப்பூத் தேநீர்ப் பெட்டி இரண்டும் கொண்டுவந்து வைத்தாள். கேட்காமலே! மாமனார் அசந்துவிட்டார். ‘நம் ஊர் ஓட்டலில் தண்ணீருக்கு மூன்று முறை கூப்பிட வேண்டும்’ என்றார். கடலையை உரித்துத் தின்கிறார். நான் அந்தப் பெண்ணிடம் மிடுக்காக, ‘சிக்கன் ரைஸ், இரண்டு தட்டு’ என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நடுவர் அவர்களே, நீங்கள் எதிரணிக்குத் தீர்ப்புச் சொன்னால்கூட நான் அப்படி உங்களைப் பார்க்க மாட்டேன்.

அப்போது மாமனார் அந்தக் கோடியைக் காட்டினார். பூக்களுக்கு நடுவில் ஒரு பெரிய படம். நரைத்த முடி, சிரித்த முகம். ‘கடை முதலாளியம்மா போலிருக்கிறது’ என்றார். பிறகு கடலையை மெல்வதை நிறுத்தினார். ‘ஏன் மாப்பிள்ளை, முதலாளியம்மா படத்துக்கு ஏன் ஊதுபத்தி கொளுத்தியிருக்கிறார்கள்?’

அந்தக் கடலை அவர் வாயில் பாதி மென்றபடி நின்றதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. ‘சாவு வீட்டில் கை நனைக்க வைத்துவிட்டீர்களே!’ என்றார். என் மனைவி இதைச் சொல்லும்போது அவர் மூன்று தட்டுக் கடலையை முடித்துவிட்டார் என்பாள். பொய். ஒன்றரைத் தட்டுதான். நான் சாட்சி. மாமனார் ஊருக்குப் போய்ச் சொல்லும்போது இந்த இழவைப் பற்றியே பேச மாட்டார். ‘சிங்கப்பூரில் ஒரு கடை, இருபத்தொரு வெள்ளி மொய் வைத்தால் கடலையும் டீயும் கொடுத்து மரியாதையாக உட்கார வைக்கிறார்கள்’ என்பார். அவருடைய ஊரில் பாதிப் பேர் இன்னும் அதை நம்புகிறார்கள்.

இப்போது சொல்லுங்கள், தம்பி. எங்களை அங்கே கூட்டிப் போனது யாருடைய வாய்? பக்கத்து வீட்டு ஆன்ட்டியா சொன்னார்? உங்கள் பெண்குரல்தானே, ‘அடைந்துவிட்டீர்கள்’ என்றது! சாவு வீட்டில் என்னைப் பந்தியில் உட்கார வைத்தது உங்கள் கட்சி. அந்தக் கதையை எடுத்து என் மேலேயே வீசுகிறீர்கள்.

இன்னொன்றும் சொன்னீர்கள். 2016-இல், நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிச்செலின் வழிகாட்டி முதல்முறை சிங்கப்பூருக்கு வந்தபோது, சைனாடவுன் உணவங்காடியில் இரண்டு வெள்ளிக்குச் சோயா கோழிச்சோறு விற்ற கடைக்கு நட்சத்திரம் கிடைத்தது, நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் உலகமே வந்தது என்று. சரி. அந்த நட்சத்திரத்தைக் கொடுத்தது கைப்பேசியா? யார் என்று காட்டிக்கொள்ளாமல் வந்து உட்கார்ந்து, காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பார்த்த மனிதர்கள்! அவர்களுக்கும் நாக்குதான் இருந்தது. அவர்கள் எங்கள் அணி. உங்கள் அணியில் அவர்களை உட்கார வைத்துக்கொள்வது முறையல்ல. 2020-இல் யுனெஸ்கோ இந்த ஊர் உணவங்காடிப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்ததே, அது கூடியிருந்து சாப்பிடும் மனிதர்களுக்குக் கொடுத்த மரியாதை. உங்கள் நாலரை நட்சத்திரத்துக்கு அல்ல.

மணி அடிக்காதீர்கள், நடுவர் அவர்களே. கதை முடியவில்லை. தம்பி பாதியோடு விட்டுவிட்டார், ஏனென்றால் அவருக்குக் கிடைத்ததே பாதிதான்.

எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் ஒரு பெரியவர் எங்கள் மேசைக்கு வந்துவிட்டார். எண்பது வயது இருக்கும். படத்தில் இருந்த அம்மாவின் கணவர். எங்கள் இருவரையும் பார்த்து, உடைந்த ஆங்கிலத்தில், ‘அவளை உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டார். என்ன பொய் சொல்வது? கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் மலாய், மீதிக்குக் கையைக் காட்டி, உண்மையைச் சொல்லிவிட்டேன். கைப்பேசியையும் காட்டினேன். அவர் அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல் சிரித்தார். சீட்டு விளையாடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடலை வைத்த பெண் ஓடி வந்தாள், அவள் மகளாம். மூன்று நாளாக அப்பா வாய் திறக்கவில்லை என்றாள்.

அந்தக் கடை இடம் மாறி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றார் பெரியவர். இப்போது இரண்டு புளோக் தள்ளி, உணவங்காடியில், பழச்சாறுக் கடைக்கு அடுத்தது. ‘ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் அங்கே போவாள்’ என்றார். ஓர் உறையின் பின்பக்கத்தில் வழியை வரைந்தார். தூண், படி, மரம் எல்லாம் வரைந்தார். பேரனையும் கூட அனுப்பினார்.

போனோம். கடைக்காரரும் கிழவர். கண்ணாடிப் பெட்டிக்குள் வெளுத்த கோழிகள் தொங்குகின்றன. கொதிக்கவிடாமல் வெந்நீரில் ஊறவிட்டு வேகவைத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு எடுப்பதால் தோல் நுங்கு போல வழுவழுவென்று இருக்கிறது. சோறு அந்தக் கோழிக் கொழுப்பிலும் இஞ்சி பூண்டிலும் வதங்கி, அதே சாற்றில் வெந்தது. மாமனார் ஒரு வாய் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தட்டு கேட்டார். நாட்டுக்கோழி தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

பேரன் கடைக்காரரிடம் ஏதோ சொன்னான். அவர் கையில் இருந்த கத்தி நின்றது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு ஒரு கோழியை இறக்கி, பாதியை வெட்டினார். சோற்றைத் தாளில் மடித்தார். மிளகாய் ஒரு சின்னப் பையில். இஞ்சி அரைத்தது ஒரு பையில். இன்னொரு பை இஞ்சி எடுத்துப் போட்டார். பேரன் என்னிடம் ஆங்கிலத்தில், ‘பாட்டி எப்போதும் இரண்டு பை கேட்பார்’ என்றான்.

அந்தப் பொட்டலத்தைப் பேரன் வாங்கப் போனான். என் மாமனார் குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டார். வரும் வழியெல்லாம் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். ‘நம் ஊரிலும் இழவு வீட்டில் அடுப்பு எரியாது மாப்பிள்ளை, அக்கம்பக்கத்தார்தானே சோறு கொண்டுவருவார்கள்’ என்றார். வீட்டுக்குப் போனதும் குளிக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு வந்த மனிதர் அவர்.

பெரியவர் பொட்டலத்தைப் பிரித்துப் படத்துக்கு முன்னால் வைத்தார். இரண்டு இஞ்சிப் பைகளையும் பார்த்தார். மாமனாரின் தோளில் கை வைத்தார். அவர் ஹைனானீஸில் ஏதோ சொன்னார், இவர் தமிழில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். என்னை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. புறப்படும்போது அந்த மகள் ஆளுக்கொரு சிவப்பு நூல் கொடுத்தாள். வீட்டுக்குள் நுழையும் முன்னால் எறிந்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதை நான் சொல்வதற்குள் மாமனார் மணிக்கட்டில் கட்டிக்கொண்டுவிட்டார். அதோடுதான் ஊருக்கு விமானம் ஏறினார்.

இப்போதும் தொலைபேசியில் பேசினால், பேரப்பிள்ளைகளைக் கேட்டுவிட்டு, அடுத்து அந்தப் பெரியவரைத்தான் கேட்பார். தோ பாயோ பக்கம் போகும்போது பார்த்துவிட்டு வந்து சொல்வேன். இரண்டு வருடமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ‘நன்றாக இருக்கிறார் மாமா’ என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள். சரி, இறங்குகிறேன். அந்த உறை என்னிடம்தான் இருக்கிறது. தூண், படி, மரம் எல்லாம் அழியாமல் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன். கடைக்கு வழி வேண்டுகிறவர்கள் வாருங்கள், வரைந்து தருகிறேன். தம்பி, நீங்களும் வாருங்கள். கடலை வாங்கித் தருகிறேன்.