சாப்ட்வேர் போட்டதற்கு 300 ரூபாய்

வணக்கம் நண்பர்களே. தங்கைக்குக் கொடுப்பதற்காக என் பழைய மடிக்கணினியில் எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகத்தை மாற்றப் போகிறேன் என்று சென்ற காணொளியில் சொல்லியிருந்தேன். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் மாற்றியாயிற்று. கணினி இப்போது பறக்கிறது. ஆனால் இன்று நான் பேச வந்தது ரசீதின் கடைசி வரியைப் பற்றி. "சாப்ட்வேர் போட்டது – ரூ. 300."

இந்த முந்நூறு ரூபாய் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. நான் கேட்காமலேயே ஆபீஸ், போட்டோஷாப், கணக்கு எழுதும் டேலி மூன்றையும் கிராக் செய்து, அதாவது உரிமப் பூட்டை உடைத்து, ஏற்றிவிட்டு, அதற்குக் கூலியும் போட்டு, அந்தக் கூலிக்கு ரசீதும் தருகிறார்கள்! பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில், தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்குக் குறைந்தது 7 நாள் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஐம்பது ரூபாய் குறைத்துக்கொள்ளலாம் என்றார். அரை மணி நேரம் வாதாடி முந்நூறையும் திரும்ப வாங்கிக்கொண்டுதான் கடையை விட்டு இறங்கினேன். என் வாழ்நாளில் நான் வென்ற ஒரே வழக்கு இதுதான்.

திருட்டுப் பதிப்பால் நம் போன்ற நாடுகளில் வேலைகள் போகின்றன என்பது பழைய பேச்சு. பிஎஸ்ஏ என்னும் மென்பொருள் நிறுவனக் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2017இல் இந்தியக் கணினிகளில் இருந்த மென்பொருள்களில் 56 விழுக்காடு உரிமம் இல்லாதவை. உலக அளவில் அது 37. திருட்டை நான்கு ஆண்டுகளில் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைத்தால் ஏறக்குறைய 5 லட்சம் வேலைகள் உருவாகும் என்று அதே கூட்டமைப்பு 2010இல் ஐடிசி என்னும் சந்தை ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து கூறியது. எனக்கு இந்தக் கணக்கில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மென்பொருளுக்குக் கொடுக்காத பணத்தை மளிகைக் கடைக்காரர் கிணற்றில் போடுவதில்லை. இன்னொரு ஆளை வேலைக்கு வைக்கிறார்.

என் கோபம் வேறு இடத்தில். சீனர்கள் எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும், அதற்கே பழகிப்போவார்கள் என்ற பொருளில் மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ் 1998இல் பேசினார். பெரிய நிறுவனத்துக்குத் திருட்டுப் பதிப்பு காசில்லாத விளம்பரம். அடி விழுவது உள்ளூர்க்காரனுக்கு. போட்டோஷாப் ஓசியில் கிடைக்கும் ஊரில், கோயம்புத்தூரில் நான்கு பேர் சேர்ந்து எழுதி ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் படத்தொகுப்பு மென்பொருளை யார் வாங்குவார்கள்? அந்த நான்கு பேருடைய வேலை எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது, ஏனெனில் அது உருவாகவே இல்லை. டேலியோ பெங்களூரில் எழுதப்படுவது. அதைக் கிராக் செய்தால் இழப்பு நேராக இங்கேயேதான்.

ஒன்றை விட்டுவிட்டேன், முன்பே சொல்லியிருக்க வேண்டும்: கிராக் வேலை செய்வதற்காக அந்தக் கடையில் ஆன்டிவைரஸையும் அணைத்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். இது தெரிந்திருந்தால் இன்னும் அரை மணி நேரம் சண்டை போட்டிருப்பேன்.

மறுபக்கமும் இல்லாமல் இல்லை. 2007இல் புக்கரெஸ்ட் வந்த பில் கேட்ஸிடமே, திருட்டுப் பதிப்புகள்தாம் எங்கள் இளைஞர்களுக்குக் கணினியைக் கற்றுக்கொடுத்தன என்று ருமேனிய அதிபர் பசெஸ்கு மேடையில் சொன்னார். இதை என்னால் மறுக்க முடியாது. நானே முப்பது ரூபாய்த் திருட்டு சிடியில் கற்றவன் என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும். "டேலி தெரிந்த பெண்கள் தேவை" என்ற அட்டையைப் பார்த்து வேலைக்குச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஒரிஜினலில் கற்றிருப்பார்கள்? ஆனால் அது சிடி காலத்துச் சாக்கு. இப்போது டேலியிலேயே இலவசக் கல்விப் பயன்முறை இருக்கிறது.

ஆகவே மூன்றையும் நீக்கிவிட்டு ஆபீஸுக்கும் போட்டோஷாப்புக்கும் பதிலாக இலவச மென்பொருள்களான லிப்ரே ஆபீஸையும் கிம்பையும் ஏற்றி, டேலியைக் கல்விப் பயன்முறையில் நிறுவிக் கொடுத்தேன். அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்கு மட்டுமே வவுச்சர், அதாவது வரவுசெலவுப் பதிவு, போட முடியும். தங்கை கற்பனையாக ஒரு ஜவுளிக்கடை நடத்திப் பழகுகிறாள். அந்தக் கடையில் 3ஆம் தேதி முதல் 30ஆம் தேதி வரை ஒரு கர்ச்சீப்பும் விற்பனையாவதில்லை.