நூறு மில்லி ஊற்றினால் முப்பது மில்லிதான் நிற்கும்

[காட்சி: சிங்கப்பூர் கேம்பல் லேன், பொங்கல் சந்தை]

பொங்கலுக்குப் பானை வாங்கும்போது விரலால் ஒரு சுண்டு சுண்டுவோம். 'டங்' என்றால் நல்ல பானை. 'டொக்' என்றால் எங்கோ கீறல். இன்று பார்க்கப்போகும் பீங்கானும் உலையில் வெந்து வருவதுதான். ஆனால் களிமண்ணில் பிறக்கவில்லை, நீளச் சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பாலிமரில் பிறக்கிறது.

1975-இல் ஜப்பானின் செய்ஷி யாஜிமா, பாலிகார்போசிலேன் என்ற பாலிமரைச் சுட்டு சிலிக்கான் கார்பைடு என்ற பீங்கானின் இழை எடுத்தார். இன்று அப்படிப்பட்ட இழைகளைத் துணியாக நெய்து, திரவப் பாலிமரை வெற்றிடத்தில் அதற்குள் ஊறவைத்து, ஆர்கான் வாயுவில் சுமார் 1000 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். கிடைப்பது நிக்கல் உலோகக் கலவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடையே உள்ள, இன்ஜின் சூட்டைத் தாங்கும் பொருள்.

[காட்சி: வெள்ளைப் பலகை]

தலைவலி எங்கே? சுருக்கத்தில். 100 மில்லி பாலிமர் சுமார் 100 கிராம். சுட்டால் 75 கிராம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். பீங்கானின் அடர்த்தியை 2.5 என்று எடுத்தால் அது வெறும் 30 மில்லி. மீதி இடம் ஓட்டை. இழைகளுக்கிடையே 50 சதவீதம் காலி இடம் என்றால், மிஞ்சும் ஓட்டையை மறுபடி நிரப்பிச் சுடச் சுட அது சுற்றுக்குச் சுற்று 35, 24.5, 17, 12, 8.4... ஆறாவது சுற்றில்தான் 6-க்குக் கீழே இறங்கும். ஒவ்வொரு சுற்றும் ஊறவைத்து, கெட்டியாக்கி, சுட்டு, ஆறவைக்கும் வேலை. காசு கரைவது இங்கேதான்.

சுடும் முன் பாலிமர்ச் சங்கிலிகளை நன்றாகக் குறுக்கே பிணைத்துவிட்டால், ஆவியாகப் பறப்பது குறையும். 75 கிராம் 85 ஆனால் ஐந்து சுற்றிலேயே கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துவிடலாம்.

பாலிமரில் சிலிக்கான் கார்பைடு தூள் கலப்பது இன்னொரு வழி, தூள் சுருங்காது. கேட்க எளிது. ஆனால் தே தாரிக் (இழுத்து ஆற்றும் பால் தேநீர்) வடிகட்டும் துணியில் தேத்தூள் தங்குவதுபோல, இழைக்கட்டின் வாசலிலேயே தூள் நின்றுவிடும். கொஞ்சம் பருமனான தூள் போதும், நடுப்பகுதி பட்டினி. என்னைக் கேட்டால் தூளை எவ்வளவு கலக்கிறோம் என்பதைவிட அதன் பருமனில்தான் அதிகம் கவனம் வேண்டும்.

[காட்சி: உலையின் வெப்பநிலைக் கோடு]

சூட்டையும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால், உள்ளே உருவாகும் ஹைட்ரஜனும் மீத்தேனும் வழியில்லாமல் பொருளைப் பிளந்துகொண்டு வெளியேறும். அப்புறம் பாகத்தை நாணயத்தால் தட்டிப் பாருங்கள்: டொக்.