பொங்கலுக்குக் கடை போடுகிறவர்களுக்கு

வன்னி நேயர்களுக்கு வணக்கம். முல்லைத்தீவு வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கலை வைகாசி விசாகத்து ஒருநாள் திருவிழா என்று எண்ணிச் சரக்கு ஏற்றுகிறவர் பிந்திவிடுவார். அது மூன்று திங்கட்கிழமைக் கணக்கு. முதல் திங்கள் பாக்குத்தெண்டல், அதாவது விழாவைத் தொடக்கும் சடங்கு. அடுத்த திங்கள் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்த உப்புநீரில்தான் விளக்கு எரியும் என்பது ஐதீகம். பிறகு ஞாயிறு அங்கே பொங்கல், மறுநாள் திங்கள் வற்றாப்பளையில். ஆக, பாக்குத்தெண்டலோடு கடைக்கு இடம் பிடிக்க ஓட வேண்டும். அதற்குப் பிறகு கிடைப்பது கையில் உள்ள இரண்டே கிழமை.

காசின் கணக்கு வேறு. பெரும்போக நெல் விற்ற பணம் பங்குனி உத்தரத்தில், புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல் நேரம், மடியில் இருக்கும். வைகாசிக்குள் ஒரு பங்கு சிறுபோக வயலுக்குள் இறங்கிவிடும். பாய், பாத்திரம் போன்ற பெரிய சாமானைப் பங்குனிக்குக் கொண்டுபோங்கள் என்பேன். வைகாசிக்குக் காப்பு, விளையாட்டுச் சாமான், கச்சான் (வேர்க்கடலை).

கச்சானில்தான் பலர் கையைச் சுடுகிறார்கள். தாச்சியில் மணலை நன்றாகச் சூடாக்கிய பிறகே கச்சானைப் போட வேண்டும். குளிர்ந்த மணலில் போட்டால் சீராக வறுபடாது. ஈரக் கச்சானை முதல்நாளே வெயிலில் காயவிடுங்கள். வறுத்ததைச் சூட்டோடு பொலித்தீனில் கட்டினால் வியர்த்து நமுத்துவிடும். சாக்கில் பரப்பி ஆறவைத்துத்தான் சுண்டு என்ற அளவுப் பேணியால் அளக்க வேண்டும். அளவில் கஞ்சத்தனம் வேண்டாம், சனம் அடுத்த கடைக்குப் போய்விடும்.

வற்றாப்பளைக்கு நந்திக்கடல் பக்கத்தில் இருப்பதால் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று மணலையும் கொண்டு வரும். தறப்பாளைத் தென்மேற்கில் இறுக்கிக் கட்டி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். நாலு பக்கமும் மூடினால் காற்று உள்ளே புகுந்து கிழித்துவிடும். பொங்குகிறவர்களுக்கும் இதே காற்றுத்தான் எதிரி: நெருப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் மண்பானையில் அந்தப் பக்கம் மட்டும் சூடேறி வெடிக்கும். புதுப்பானையை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, அடுப்பைச் சற்றுப் பள்ளத்தில் வையுங்கள்.

மன்னார் மடுத் தேவாலயத்தின் மடுமாதா பெருவிழா, ஓகஸ்ட் 15, இன்னொரு மாதிரி. சனம் குடும்பமாய்ப் பல நாள் தங்கிச் சமைக்கும். அதனால் விறகு, தேங்காய், அரிசி, மரக்கறிதான் ஓடும். மெழுகுதிரி விற்பவர்கள் பெட்டியைத் தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள், மத்தியானத்துக்குள் வளைந்துவிடும். மரநிழலில் படுக்கையாய் அடுக்கி, ஈரச்சாக்கால் மூடுங்கள்.