பதினோராவது நாள் பெட்டி கட்டினேன்

வணக்கம்ங்க. நான் 34 வருஷம் நர்ஸா வேலை பாத்துட்டு 2023ல ரிட்டயர் ஆனவ, கடைசி பன்னெண்டு வருஷம் ஐசியு இன்சார்ஜ். படிச்சு முடிச்சு புதுசா ஆஸ்பத்திரில சேந்த புள்ளைங்க நெறைய பேரு ரெண்டாவது வாரம் மூணாவது வாரத்துலயே வேலைய விட்டுடலாமான்னு தவிக்கிறாங்க, அவங்களுக்கு ஏதாச்சும் சொல்லுங்கன்னு ரேடியோ நிலையத்துல கூப்பிட்டாங்க. 1989ல நானும் அப்படி தவிச்சவதான், அதனால அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

முப்பது பெட் மெடிக்கல் வார்டு. நைட் டியூட்டி, நானும் ஒரு ஆயாம்மாவும் மட்டும். வேலைக்கு சேந்து அன்னைக்கு பதினோராவது நாள். ராத்திரி மூணு மணி வாக்குல நெஞ்சு சளியோட இருந்த ஒரு பெரியவர் இறந்துட்டாரு, டாக்டர் வந்து பாத்து சொல்லிட்டு போயிட்டாரு, அவரு பொண்டாட்டி என் கைய புடிச்சுக்கிட்டு விடவே இல்ல, அந்த பக்கம் இன்னொருத்தருக்கு ட்ரிப்ஸ் முடிஞ்சு ரத்தம் டியூப்ல ஏறிக்கிட்டு இருக்கு, எனக்கு எங்க ஓடுறதுன்னே தெரியல. காலைல ஹேண்டோவர் குடுத்துட்டு நேரா ஹாஸ்டலுக்கு போயி பெட்டிய கட்டிட்டேன். மத்தியான பஸ்ஸுக்கு ஊருக்கு போயிடணும், அவ்வளவுதான்.

அப்ப நாகர்கோவில் பக்கத்துக்காரங்க ஒரு சீனியர் சிஸ்டர் வந்து கட்டில்ல உக்காந்தாங்க. போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லல. ‘எதுக்கு பயந்தே? சாவ பாத்தா, தப்பு பண்ணியிருப்போமோன்னா, இல்ல யாராச்சும் திட்டுனாங்களா?’ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் சொல்லவே கொஞ்ச நேரம் ஆச்சு. கடைசில அழுதுகிட்டே, நான் குடுத்த ஊசியாலதான் அவரு போயிட்டாரோன்னு பயமா இருக்குன்னு சொன்னேன். அவங்க என்னைய வார்டுக்கு கூட்டிட்டு போயி அந்த கேஸ் ஷீட்ட எடுத்து ஒவ்வொரு வரியா என்கூட படிச்சாங்க, என்ன மருந்து, எத்தன மணிக்கு, எவ்வளவு, எல்லாம். ஒரு தப்பும் இல்ல. அடுத்த ஒரு வாரம் அவங்க டியூட்டிய மாத்திக்கிட்டு என்கூட நைட் பாத்தாங்க. நான் இருந்தது அதனாலதான். ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரின்னு இல்ல, முப்பது பேருக்கு ஒரு நர்ஸ்ங்கறது அன்னைக்கும் தப்புதான் இன்னைக்கும் தப்புதான். கேட்டா பதில் சொல்ற ஆளு ஒருத்தங்க பக்கத்துல இருந்தாங்க, நான் நின்னதுக்கு காரணம் அது ஒண்ணுதான்.

இந்த தவிப்புக்கு பேரே இருக்கு. அமெரிக்கால மார்லீன் கிராமர்னு ஒரு நர்ஸிங் ஆராய்ச்சியாளர் 1974லயே ‘ரியாலிட்டி ஷாக்’னு இத எழுதினாங்க. படிக்கும்போது ஒரு பேஷன்ட்டுக்கு பெட்பாத் குடுக்க, அதாவது படுக்கைலயே உடம்ப தொடச்சு விட, ஒரு மணி நேரம் இருக்கும், பக்கத்துல ட்யூட்டர் நிப்பாங்க. வேலைல சேந்த உடனே அதே ஒரு மணி நேரத்துல ஆறு பேருக்கு ஊசி, ரெண்டு அட்மிஷன், ஒரு டிஸ்சார்ஜ், நடுவுல போன். மொதல்ல கொஞ்ச நாள் புது யூனிஃபார்ம் சந்தோஷம், அப்புறம் தடால்னு ஒரு சரிவு, அப்புறம் மெல்ல மெல்ல ஏறி வர்றதுன்னு அவங்க படிப்படியா சொல்லியிருக்காங்க. நம்ம பொண்ணுங்க அந்த சரிவுலதான் ராஜினாமா எழுதறாங்க. அதனால மொதல்ல நான் கேக்கறது, பாப்பா உனக்கு இப்ப எத்தனாவது வாரம்? போன வாரம் கை நடுங்கின வேலை ஏதாச்சும் ஒண்ணு இந்த வாரம் நடுங்காம வருதா? ட்ரிப்ஸ் ஏத்த நரம்புல கேனுலா குழாய் போடறதோ, தொண்டை சளிய மெஷின்ல உறிஞ்சி எடுக்கற சக்ஷன் பண்றதோ, ஏதோ ஒண்ணு. வருதுன்னா அது புதுசுங்கற பயம், அது கொறையும். ஐசியு அலாரம் தூக்கத்துல காதுல அடிக்கறது கூட முதல் ரெண்டு மாசம் எங்க எல்லாருக்கும் இருந்ததுதான்.

ஆனா பயம்னா எல்லாமே பொறுத்துக்க வேண்டிய பயம் இல்ல, இத நல்லா சொல்லிடணும். இன்சுலின் சிரிஞ்ச் எடுத்துக்குங்க. நம்ம ஊர்ல ரெண்டு வகை இருக்கு, செவப்பு மூடி போட்டது மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் மருந்து குப்பிலேர்ந்து செவப்பு மூடி சிரிஞ்சுல 20ங்கற கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 20 இல்ல, 50 யூனிட். ரெண்டர மடங்கு. சுகர் விழுந்து பேஷன்ட் நினைவு தப்பிடும். புதுசா வந்த பொண்ணு ராத்திரி ரெண்டு மணிக்கு ரெண்டு சிரிஞ்சையும் கைல வச்சுக்கிட்டு ‘அக்கா இதுவா அதுவா’ன்னு கேக்கறான்னா அவ நல்ல நர்ஸ், அந்த பயம் பேஷன்ட்ட காப்பாத்தற பயம். அதுக்கு ‘இது கூட தெரியாம என்ன படிச்சே’ன்னு பதில் வந்துச்சுன்னா அடுத்த தடவ அவ கேக்க மாட்டா. அதுதான் ஆபத்து.

எனக்கு தெரிஞ்ச ஒரு பொண்ணு, பேரு வேண்டாம், பிஎஸ்சி நர்ஸிங் முடிச்சுட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியுல சேந்தா. வென்டிலேட்டர்ல இருக்கற பேஷன்ட் ஒருத்தருக்கு ஒரு நர்ஸ்ங்கறது முறை. இவளுக்கு ரெண்டாவது வாரமே மூணு வென்டிலேட்டர். மணிக்கு ஒரு தடவ பிபி, பல்ஸ், யூரின் அளவு எழுதணும், ஓட முடியல, காலைல பாத்தா சார்ட்ல பாதி கட்டம் காலி. இன்சார்ஜ் வந்து ‘எல்லாத்தையும் ஒரு மாதிரி ரொப்பி கையெழுத்து போட்டுட்டு போ’ன்னுருக்காங்க. அன்னைக்கே எனக்கு போன் பண்ணினா. இன்னொரு தடவ எழுத்துல கேட்டு பாரு, ஆள் போடுங்கன்னு லெட்டர் குடுன்னேன். குடுத்தா. பதில் வரல, அடுத்த நைட்டும் அதே மூணு. பதினேழாவது நாள், விட்டுடு கண்ணுன்னு நானே சொல்லிட்டேன். பாக்காத பிபிய பாத்ததா எழுதி கையெழுத்து போட்டா நாளைக்கு ஒண்ணுன்னா மாட்டறது அந்த கையெழுத்துதான், நர்ஸிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் ஆஸ்பத்திரியோடது இல்ல, உன்னோடது. அதவிட, நீ எழுதற பிபி நம்பர நம்பித்தான காலைல டாக்டர் மருந்த கூட்டி கொறைப்பாரு. அங்க ஒரு உயிர் இருக்கு.

என் பக்கத்து தப்பையும் சொல்லிடறேன். 2012 வாக்குல நான் இன்சார்ஜா இருந்தப்ப ஒரு புது பொண்ணு வந்து ‘சிஸ்டர் தூக்கமே வரல, சாப்பாடு எறங்கல’ன்னா. நான் சார்ட்ட பாத்துக்கிட்டே ‘இதெல்லாம் சகஜம், பழகிடும்’னு சொல்லிட்டேன், தல நிமிந்து கூட பாக்கல. நாலு நாள்ல சொல்லாம கொள்ளாம போயிட்டா. அப்புறம் அவ நர்ஸ் வேலைக்கே போகலன்னு கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு நாகர்கோவில் சிஸ்டர் கெடைச்சாங்க, அவளுக்கு நான் கெடைச்சேன். இது இன்னைக்கும் எனக்கு வலிக்குது.

விடறதுன்னு முடிவு பண்ணினா எப்படி விடறதுங்கறதும் முக்கியம். போன ஆஃப் பண்ணிட்டு காணாம போறது வேண்டாம், ஒரு பக்கம் ராஜினாமா எழுதி, காப்பில சீல் வாங்கி வச்சுக்குங்க, இல்லன்னா இமெயில்ல அனுப்புங்க. ஆஃபர் லெட்டர்ல ப்ரொபேஷன் காலத்துல எத்தன நாள் நோட்டீஸ்னு இருக்கும், அத எடுத்து படிங்க, நெறைய பேரு படிக்கறதே இல்ல. ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வச்சுக்கற பழக்கம் இன்னும் சில எடத்துல இருக்கு, சேரும்போதே குடுக்காதீங்க, ஜெராக்ஸ் குடுங்க, ஒரிஜினல காட்டிட்டு கையோட வாங்கிட்டு வாங்க. இத்தன வருஷம் இருப்பேன், நடுவுல போனா பணம் கட்டறேன்னு பாண்டுல கையெழுத்து போட்டிருந்தா ‘அது செல்லாது, வெத்து பேப்பர்’னு சொல்றவங்க பேச்ச அப்படியே நம்பாதீங்க, 2025 மே மாசம் ஒரு பொதுத்துறை வங்கி கேஸ்ல, மூணு வருஷம் முடியறதுக்கு முன்னாடி வேலைய விட்டா ரெண்டு லட்சம் கட்டணும்ங்கற பாண்டு செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதுக்காக எல்லா பாண்டும் அப்படியே செல்லும்னும் இல்ல, 1872 ஒப்பந்த சட்டம் 74வது பிரிவுல, எழுதியிருக்கற தொகைக்கு மேல போகாம, நியாயமான இழப்பீடுதான் கேக்கலாம்னு இருக்கு. ஒரு வக்கீல்ட்ட காட்டி கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, பயந்துகிட்டு ஒரு வருஷம் நாசமா போக வேண்டாம்.

வீட்டுல எஜுகேஷன் லோன் இருக்கும், எனக்கு தெரியும். அப்பா ‘ஒரு வருஷமாச்சும் ஓட்டு, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் இல்லாம கல்ஃப்ல எவன் எடுப்பான்’னு கேப்பாரு, அவரு கேக்கறதுலயும் நியாயம் இருக்கு, ரெண்டு வருஷம் அனுபவம் கேக்கற எடம்தான் நெறைய. அதனால முடிஞ்சா அடுத்த எடத்த பாத்து வச்சுட்டு விடுங்க, அதே ஆஸ்பத்திரில ஐசியுலேர்ந்து வார்டுக்கு மாத்தி கேளுங்க, இத கேக்கலாம்ங்கறதே பல புள்ளைங்களுக்கு தோணறதில்ல. என்கிட்ட அப்படி கேட்டு வார்டுக்கு போயி ஆறு மாசம் கழிச்சு தானா ஐசியுக்கு திரும்பி வந்தவங்க மூணு பேரு.

ஆனா காலைல டியூட்டிக்கு கெளம்பும்போது பஸ்ஸுக்கு முன்னாடி விழுந்துடலாமான்னு ஒரு நெனப்பு வருதுன்னா, லோன், பாண்டு, சர்டிபிகேட் எல்லாத்தையும் தள்ளி வச்சுடுங்க. அன்னைக்கு டியூட்டிக்கு போகாதீங்க. 14416, டெலி மானஸ், மத்திய அரசோட இலவச நம்பர், 2022லேர்ந்து இருக்கு, ராத்திரி பகல் எப்ப வேணா கூப்பிடலாம், தமிழ்ல பேசலாம். அம்மாட்டயோ கூட தங்கியிருக்கற பொண்ணுட்டயோ சொல்லுங்க. நம்மகிட்ட வர்ற பேஷன்ட்ட கேக்கற மாதிரி நம்மளயும் யாராச்சும் கேக்கணும்ல.

அந்த பதினேழு நாள் பொண்ணு இப்ப ஒரு சின்ன ஊர்ல டயாலிசிஸ் யூனிட்ல இருக்கா, அஞ்சாவது வருஷம். போன மாசம் போன் பண்ணினப்ப அவகிட்ட புதுசா ஒரு பொண்ணு சேந்திருக்கான்னா, ரொம்ப கேள்வி கேக்குறாளாம். கேக்கட்டும்னேன்.

இத இன்சார்ஜ் சிஸ்டர்ங்க யாராச்சும் கேட்டுட்டு இருந்தீங்கன்னா, இன்னைக்கு நைட் உங்க வார்டுலயும் அப்படி ஒரு பொண்ணு இருப்பா. சாப்பிட்டியான்னு கேளுங்க. அவ கைல இருக்கற சிரிஞ்சோட மூடி என்ன கலர்னு அவளோட சேந்து நீங்களும் ஒரு தடவ பாத்துடுங்க. வணக்கம்.