எண்ணூர் எரிவாயுவும் டெல்டா நெல்லும்

நேயர்களுக்கு வணக்கம்.

45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகிறது? எரிவாயுவில் ஓடும் நல்ல ஆலையில் ஒரு டன் யூரியாவுக்கு 55 முதல் 60 லட்சம் கிலோகலோரி. மூட்டைக்குக் கணக்குப் போட்டால், வீட்டுக்கு வாங்கும் 14.2 கிலோ சமையல் சிலிண்டரில் ஒன்றரைக்கும் மேல் வரும். ஏக்கர் நெல்லுக்கு மூன்று மூட்டை போடுகிற உழவர், ஐந்து சிலிண்டரை வயலில் இறைக்கிறார். வேளாண்மையையும் எரிசக்தியையும் தனித்தனித் துறையாகவே பேசிப் பழகிவிட்டோம். வடசென்னையின் மணலியில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே குழாயில் வருவது தெரியும்.

அங்குள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உர ஆலை 1971இல் உற்பத்தியைத் தொடங்கியபோது, பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாப்தா என்ற இலகு எண்ணெய்தான் கச்சாப்பொருள். நாப்தா விலை கச்சா எண்ணெயோடு சேர்ந்து ஏறும். டன்னுக்கு எரிசக்தியும் கூடுதலாகப் பிடிக்கும். எரிவாயுதான் மேல் என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனாலும் மாற்றம் வந்தது 2019இல்.

ஏன் அத்தனை காலம்? இயற்கை எரிவாயுவைக் கப்பலில் கொண்டுவர மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்க வேண்டும். கன அளவு 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். இறக்குகிற இடத்தில் அந்தக் குளிரைத் தாங்கும் தொட்டி, மறுபடி வாயுவாக்கும் கருவி, அங்கிருந்து குழாய் எல்லாம் வேண்டும். வாங்க ஆள் உறுதியாகாமல் முனையத்தில் எவரும் பணம் போடமாட்டார்கள். வாயு வருவது உறுதியாகாமல் ஆலை தன் உலையை மாற்றாது. நடுவில் குழாய் போடுகிறவர் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் முனையம் 2019இல் வந்தபோது, மணலி ஆலைகள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. முடிச்சு அவிழ்ந்தது அதனால்தான். வளரும் நாடுகளில் திட்டம் தீட்டுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்: முதல் நாளிலிருந்து தவறாமல் வாங்கப்போகிறவர் யார், எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார்? நைஜீரியா எண்ணெய் வயல்களில் எரிவாயுவைப் பல பத்தாண்டுகள் வெறுமனே எரித்துத் தள்ளியது. அந்நாட்டின் லெக்கியில் ஆண்டுக்கு 30 லட்சம் டன் யூரியா செய்யும் ஆலை திறந்தது 2022இல்தான்.

எரிபொருளை மாற்றினால் ஆலைக்குள் வேறு சிக்கல்கள் கிளம்பும். அம்மோனியாவோடு கரியமிலவாயுவைச் சேர்த்துத்தான் யூரியா. நாப்தாவைவிட எரிவாயுவில் கார்பன் குறைவு. ஆகவே கரியமிலவாயு பற்றாமல் அம்மோனியா மிஞ்சும். புகைபோக்கியிலிருந்து கரியமிலவாயுவைப் பிரித்தெடுக்கத் தனிப் பிரிவு வேண்டும். இந்தச் செலவை மதிப்பீட்டில் விட்டுவிட்டால் பிறகு கையைக் கடிக்கும். மின் அழுத்தம் ஒரு கணம் சரிந்தாலும் கம்ப்ரஸர்கள் நின்றுவிடும். மறுபடி சூடேற்றி ஓட்ட நாள்கணக்கில் ஆகும். அதுவரை வாயு எரியும், ஒரு குருணை யூரியாகூட விழாது. நிலையான மின்சாரம் இல்லாத ஊரில் உர ஆலைக்குச் சொந்த மின் நிலையம் கட்டாயம்.

தண்ணீர்? கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீர்தான் மணலி ஆலைகளுக்குப் பெரிதும் கைகொடுக்கிறது. வடசென்னைக்காரர்கள் பெருமைப்படலாம்.

இத்தனையும் செய்து யூரியாவாக வயலுக்கு அனுப்பும் தழைச்சத்தில் (நைட்ரஜனில்), தேங்கிய நீரில் வீசினால் பாதிக்குமேல் பயிருக்குச் சேர்வதில்லை. பகலில் பாசி தண்ணீரிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சும். நீரில் காரத்தன்மை ஏறும். கரைந்திருக்கும் அம்மோனியா காற்றில் பறந்துவிடும். மூட்டை 266 ரூபாய் 50 காசு, மீதியை அரசு மானியமாகக் கொடுக்கிறது. அதனால் இந்த இழப்பு உழவரின் மடியைத் தொடுவதே இல்லை. புது ஆலைக்குப் போடும் பணத்தில் சிறு பங்கை வயலில் போட்டாலே நிறையத் தழைச்சத்து மிஞ்சும்.

உள்நாட்டு யூரியா முழுவதும் 2015 முதல் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. யூரியா கரைந்து மாறும் வேகத்தை அந்தப் பூச்சு குறைக்கும். அது மட்டும் போதாது. மேலுரம் போடும் முன் நீரை வடித்து, சேறு தெரியும்போது தூவி, மறுநாள் நீர் கட்டுங்கள். யூரியா, ஜிப்சம், வேப்பம் பிண்ணாக்கு மூன்றையும் 5:4:1 விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்தும் போடலாம். நாள் பார்த்து உரம் வீசுவதைவிட, பச்சை நிறச் சாயல்களை எண்ணிட்டுக் காட்டும் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போடுவது நல்லது. நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும்வரை வாரம் ஒருமுறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வெயில் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, பத்துச் செடிகளில் முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிடுங்கள். ஆறிலோ அதற்கு மேலோ நிறம் 4க்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம் போடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3.

வணக்கம்.